நாலே கால்

ஓடுவதில் எனக்குப் பெரிய பிரியம் ஒன்றும் கிடையாது. வேர்க்கும், முட்டி வலிக்கும், எல்லாம் முடிந்த பிறகு கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். என்னால் ஒரே வேகத்தில் ஓட முடியும், அவ்வளவுதான். சிலருக்குக் காதை ஆட்ட வரும். எனக்கு இது வரும்.

பார்வையில்லாதவர்களோடு கயிறு பிடித்து ஓட வரும் புதியவர்களுக்கு வகுப்பு எடுக்கப் போகிறோம், சீரான வேகம் பற்றி இந்த ஓஷிகாவா நாலு வார்த்தை சொன்னால் நன்றாக இருக்கும் என்று சங்கத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன். நடுவழியில் கயிறு கைமாறும்போது என்னென்ன தவறு நடக்கும் என்பதற்கு எபிஹாரா என்ற பெண்ணின் கதையை உதாரணமாக வைத்துக்கொள்ளப் போவதாகவும் சொன்னீர்கள். அதற்கும் வருகிறேன். முதலில் வேகம்.

நெடுந்தூர ஓட்டத்தில் தொடக்கத்துக் கால்களைப் போலப் பொய்யர்கள் உலகத்தில் கிடையாது. சம்பளம் வாங்கிய முதல் வாரம் மாதிரி, எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று தோன்றும். அப்போது ஊதாரியாக இருந்தவனை முப்பதாவது கிலோமீட்டருக்கு அப்புறம் ரோட்டோரத்தில் உட்கார்ந்த நிலையில் பார்க்கலாம். ஆகவே முதல் பாதியில் உங்களுக்குக் கொஞ்சம் சலிப்புத் தட்ட வேண்டும். சலிப்பாக இருந்தால் சரியாக ஓடுகிறீர்கள் என்று அர்த்தம். இதை எழுதிக்கொள்ளுங்கள், இது உண்மை.

இந்தச் சலிப்பு எனக்குத் தொழில். நான் இங்கே மியாசாக்கிக் கடற்கரை வழித்தடத்தில் பஸ் ஓட்டுகிறவன். எங்கள் தொழிலில் பிந்திப் போவது குறை. முந்திப் போவது குற்றம். மழை, நெரிசல், ரோட்டைக் கடக்கும் கிழவர், எதுவாக இருந்தாலும் பிந்தினால் மைக்கில் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகலாம். அட்டவணைக்கு அரை நிமிடம் முந்திப் புறப்பட்டால் மேலாளர் முன்னால் தலையைக் குனிந்து நிற்க வேண்டும். "லேட்டா வர்ற பஸ் உள்ள இருக்கறவனைத்தான் படுத்தும். முந்திப் போற பஸ், நம்பி வர்றவனை நட்டநடு ரோட்டுல விட்டுட்டுப் போயிடும்" என்பது எங்கள் பணிமனையில் எல்லோரும் சொல்கிற பேச்சு. அதனால் முந்தி வந்துவிட்டால் அடுத்த நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, 'நேரத்தைச் சரிசெய்வதற்காகச் சற்று நிற்கிறோம்' என்று அறிவிப்போம். எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம் அது. என் மனைவி பிரிந்து போகும்போது சொன்னாள், "உங்ககூட குடும்பம் நடத்தறது, நேரத்தைச் சரிசெய்ய நிக்கிற பஸ்ல உக்காந்திருக்கற மாதிரி இருக்கு." நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அவள் ஒசாகாவுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வேறு மாதிரியும் அதற்கு அர்த்தம் இருக்கலாம் என்று பட்டது.

ஹிதாகா தமோட்சுவை அந்தத் தனிமையில்தான் சந்தித்தேன். மருத்துவப் பரிசோதனையில் ரத்தக் கொதிப்பு என்று எழுதிவிட்டார்கள், ஓடச் சொன்னார்கள். ஆற்றங்கரைக்குப் போனேன். அங்கே உங்கள் சங்கத்துக்காரர் ஒருவர் என் முகத்தைப் பார்த்து, இவன் எங்கேயும் ஓடிப் போய்விட மாட்டான் என்று முடிவு செய்து, ஒரு கயிற்றின் முனையை என் கையில் கொடுத்தார். ஷூ லேஸ் தடிமனில் ஒரு வளையம். ஒரு பக்கம் என் விரல்கள், இன்னொரு பக்கம் அவர் விரல்கள். நடுவில் ஒரு சாண்.

ஹிதாகாவுக்கு முப்பது வயதுக்கு மேல்தான் பார்வை போயிற்று. ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போலாகி, அப்புறம் அந்தக் குழாயும் மூடிக்கொண்டது. அக்குபங்சர் ஊசி வைத்து, முதுகு பிடித்துவிடும் தொழில். வீட்டு முன்னறைதான் மருத்துவ அறை. வருகிறவர்கள் எல்லோரும் மரியாதையாக அவரைச் சென்சே என்பார்கள். மனைவி ஃபூசாயே வாசலில் செருப்புகளை அடுக்கிவைத்து ஆட்களை உள்ளே விடுவார்.

"பஸ் டிரைவராமே நீங்க. நிறுத்தம் எல்லாம் சொல்லித்தான் ஓட்டுவீங்களா?" என்றார் முதல் நாளே.

"அடுத்த நிறுத்தம், பாலத்தடி. தலை உயரமா இருக்கறவங்க குனிஞ்சுக்கணும்," என்றேன்.

"ஐயோ டிரைவர், இந்த வண்டியில ஏசி இல்லையா? வேர்க்குதே."

"வாங்கின டிக்கெட்டுக்கு இதுதான் வரும், சென்சே."

நான் வேடிக்கைப் பேச்சுக்காரன் இல்லை. அந்தக் கயிற்றைப் பிடித்தால் மட்டும் எனக்குப் பேச்சு வந்தது. வாரத்தில் மூன்று காலை. ஒன்பது வருடம்.

தொடக்கத்தில் அவரிடம் பேசும் கடிகாரம் ஒன்று இருந்தது. பொத்தானை அழுத்தினால் ஒரு பெண் குரல் நேரம் சொல்லும். நான் ஒரு கிலோமீட்டருக்கான நேரத்தைச் சொல்லி வாயை மூடும் முன்பே அந்தப் பெண் ஒரு விநாடி மாற்றிச் சொன்னாள். "ஒரு பஸ்ஸுக்கு ரெண்டு டிரைவர் ஆகாது, ஹிதாகா சான்," என்றேன். 'சான்' என்று மரியாதை சேர்த்து, விளையாட்டாகத்தான் சொன்னேன். அடுத்த முறை அவர் வெறும் மணிக்கட்டோடு வந்தார். கடிகாரம் என்னாயிற்று என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. துணைக்கு ஒருவர் வந்திருக்கும்போது கடிகாரத்தையும் கட்டிக்கொண்டு வருவது அவரைச் சந்தேகப்படுவது போலாகிவிடும் என்று நினைத்திருக்கிறார். இங்கே நாம் எல்லோரும் அப்படித்தானே. ஆனால் அன்றிலிருந்து அவருக்கு நேரம் என்பது என் வாய்தான்.

அவர் வேகம் வருடா வருடம் ஏறியது. நாற்பத்தாறு வயதில் மூன்று மணி நேரத்தின் வாசற்படிக்கு வந்து நின்றார். விரிகுடா மாரத்தானில் மூன்று மணி நேரத்துக்குள் ஓடிவிட்டால் தேசிய அணியின் பயிற்சி முகாமுக்குக் கூப்பிடுவார்கள். இந்த வருடம் இல்லையென்றால் வயது விடாது. ஒரு நாள் ஓடி முடித்துப் படித்துறையில் உட்கார்ந்து ஃபூசாயே கட்டிக் கொடுத்த சோற்று உருண்டைகளைத் தின்றுகொண்டிருந்தோம். "அந்த அணிச் சட்டை சிவப்பு, தெரியுமா? இப்ப எந்த நிறத்தைச் சொன்னாலும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்துடுது. அந்தச் சிவப்பு மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. கண்ணு இருந்தப்பவே டிவியில பாத்து வச்சுக்கிட்டேன்," என்றார். பிறகு சிரித்தார். "போட்டுக்கிட்டா எப்படி இருக்கேன்னு நீங்கதான் சொல்லணும்."

மூன்று மணி நேரத்துக்குக் கணக்கு எளிது. ஒவ்வொரு கிலோமீட்டரும் நாலே கால் நிமிடம். முதலாவதும் நாலே கால், கடைசியும் நாலே கால். "ரெண்டு பேருக்கும் சேத்து நமக்கு நாலே கால்தான். அப்ப சரியாத்தான் வரும்," என்பார். ஒவ்வொரு கிலோமீட்டர் பலகையிலும் நான் "நாலே கால்" என்பேன், அவர் தலையாட்டுவார். ஒன்பது வருடத்தில் எங்களுக்குள் அதிகம் புழங்கிய சொல் அதுதான்.

அந்த இலையுதிர் காலத்தில் எனக்கு ஐம்பத்து நாலு வயது. முப்பதாவது கிலோமீட்டரைத் தாண்டினால் என் முட்டி ஒத்துழைக்க மறுத்தது. நான் வாய் திறக்கவில்லை, ஆனால் கயிறு திறந்துவிட்டது. துணைக்கு ஓடுகிறவன் தளர்ந்தால் கயிறு பின்னால் இழுக்கும். பின்னால் இழுக்கிற கயிறு ஊர் முழுக்கச் சொல்லிவிடும்.  அவர் மெல்ல, "இன்னைக்குக் காத்துல ஈரம் ஜாஸ்தி போல. கயிறு கொஞ்சம் கனமா இருக்கு," என்றார்.

வானம் பளிச்சென்று இருந்தது. நானும், "ஆமாம், ஈரம் ஜாஸ்தி," என்றேன்.

எபிஹாரா சினாட்சு அதற்கப்புறம்தான் வந்தாள். ஒரு கம்பெனி அணியில் ஓடிக்கொண்டிருந்தவள், குதிகால் நரம்பு கெட்டு விலகி, ஹிதாகாவிடம் ஊசி வைத்துக்கொள்ள வந்தாள். இருபத்தாறு வயது. வாய் ஓயாது. குதிகால் சரியானதும், "சென்சே, காசு குடுக்கறதுக்குப் பதிலா உங்களை இழுத்துக்கிட்டு ஓடட்டுமா?" என்றாளாம். முதல் பாதி நான், இரண்டாம் பாதி அவள் என்று முடிவாயிற்று. விதி அனுமதிக்கிறது, எல்லோரும் செய்கிறார்கள். என்னிடம் அதைச் சொல்ல ஹிதாகா மூன்று வாரம் எடுத்துக்கொண்டார், சொன்னபோது தலையை மிகவும் தாழ்த்தினார். "உங்க முட்டியை நான் ரொம்ப சிரமப்படுத்திட்டேன்," என்றார். நான், "நல்ல யோசனை, எனக்கே தோணியிருக்கணும்," என்றேன்.

அப்போது அது நல்ல யோசனை என்றுதான் உண்மையாகவே நினைத்தேன்.

பிறகு ஒரு காலை அவர்கள் இருவரும் ஓடிப் பழகுவதைப் பார்க்க, ஆறு கடலில் சேரும் இடத்துக் கரையில் நின்றேன். என் பக்கமாக வருகிறார்கள். எபிஹாரா பேசிக்கொண்டே வருகிறாள். "சென்சே, எதிர்ல ஒருத்தர் நாயைக் கூட்டிட்டு வர்றாரு. இல்ல, நாய்தான் அவரைக் கூட்டிட்டு வருது. ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி. இப்ப வலப்பக்கம் கடல். இன்னைக்கு அதுக்கு ஒரு வேலையும் இல்ல, சும்மா படுத்துக் கெடக்கு." ஹிதாகா சிரித்தார். வயிற்றிலிருந்து வருகிற சிரிப்பு, கால் தடுமாறுகிற அளவுக்கு. அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை.

ஒன்பது வருடம் நான் சொன்னது: இடது வளைவு, மேடு, பள்ளம், தண்ணீர் மேசை, நாலே கால். வலப்பக்கம் கடல் இருக்கிறது என்று ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை. ஓடுவதற்கு அது தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஆத்திரத்தில் செய்தான் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. எனக்கு ஆத்திரம் வராது.

பந்தய நாள் காலையில் தெற்குக் காற்று. பிப்ரவரிக்கு வெயில் கொஞ்சம் அதிகம். இப்படிப்பட்ட நாளில் நாலே காலுக்கு ஒரு விநாடிகூட முந்தக் கூடாது என்று உங்கள் வகுப்பில் சொல்லுங்கள். ஹிதாகா துவக்கக் கோட்டில் கயிற்றை விரலில் மாட்டிக்கொண்டு, "டிரைவர், பஸ் கிளம்பலாமா?" என்றார். 

தொடக்கம் சரிவுப் பாதை. கூட்டத்தோடு இறங்கும்போது வேகம் தானாகவே கூடிவிட்டது. ஐந்தாவது கிலோமீட்டர் பலகையில் என் கடிகாரத்தைப் பார்த்தேன். கிலோமீட்டருக்குப் பத்து விநாடி முந்திப் போய்க்கொண்டிருந்தோம். நாலு நிமிடம் ஐந்து விநாடி.

"எவ்வளவு?" என்றார்.

"நாலே கால்," என்றேன்.

இது திட்டமில்லை. வாய்ப் பழக்கம் என்றுகூடச் சொல்லலாம். இதுவரைக்கும் நடந்தது எந்த ஓட்டுநருக்கும் நடக்கக் கூடியது. அடுத்த இரண்டு கிலோமீட்டரில் மெல்லக் குறைத்து நேரத்தைச் சரிசெய்திருக்கலாம். எப்படிச் செய்வது என்று இந்த ஊரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் கிடையாது.

நான் குறைக்கவில்லை. நாலு ஐந்திலேயே வண்டியைப் பிடித்து வைத்தேன். அதுவும் சீரான வேகம்தான். ஒரு விநாடி ஏறாமல் இறங்காமல், என் வாழ்க்கையிலேயே அவ்வளவு நேர்த்தியாக நான் ஓடியதில்லை. மெதுவாக ஓட்டியிருந்தால் பாதி தூரத்தில் கடிகாரம் என்னைக் காட்டிக் கொடுத்திருக்கும். வேகமாக ஓட்டினால் பாதி தூரத்தில் எல்லோரும் கைதட்டுவார்கள். வினை பின்னால்தான் வரும், அதுவும் அடுத்தவர் கையில் கயிறு இருக்கும்போது. இதை நான் ஏழாவது கிலோமீட்டரில், புகையிலைக் கடை வளைவில், நிதானமாக யோசித்தேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. எபிஹாராவோடு இது சரிப்பட்டு வராது என்று அவருக்குத் தெரிய வேண்டும். மறுபடியும் ஆற்றங்கரையில் நாங்கள் இரண்டு பேர். சிவப்புச் சட்டை இல்லாவிட்டால் என்ன. நான் அவரிடம் சட்டையா கேட்டேன்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். பரவாயில்லை, கேட்டாலே போதும்.

பத்தாவது கிலோமீட்டரில் அவர் மூச்சு மாறியது. "டிரைவர், இன்னைக்கு பஸ் கொஞ்சம் வேகமாப் போகலை?" என்றார்.

"அட்டவணைப்படிதான் போகுது. நாலே கால்."

"அப்படியா."

வழியோரத்துக் கடிகாரங்கள் எல்லாம் வாய் பேசாதவை. எண்களைக் காட்டிக்கொண்டு சும்மா நிற்கும். பதினாலில் மறுபடி கேட்டார். "கால் ஏதோ பறக்கற மாதிரி இருக்கு. நெசமாவே நாலே காலா?" நான் அதே குரலில் அதையே சொன்னேன். நிறுத்தங்களைச் சொல்லிச் சொல்லி என் குரலுக்கு ஏற்ற இறக்கம் எப்போதோ போய்விட்டது.  அவர் சொன்னார், "அப்ப என் உடம்புதான் கெட்டுப்போச்சு. ஒன்பது வருஷம் ஓடின வேகம், இன்னைக்குப் பாத்து இப்படி மூச்சு வாங்குது. மன்னிச்சுக்கணும் ஓஷிகாவா சான். உங்களுக்கு இன்னைக்கு நான் பாரமா இருக்கேன்."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல," என்றேன்.

இதைச் சொன்னபோது எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. இப்போது பல் தேய்க்கும்போது தோன்றுகிறது, பஸ்ஸில் கதவை மூடும்போது தோன்றுகிறது. மன்னிப்புக் கேட்டவர் அவர். மன்னித்தவன் நான்.

பாதி தூரத்தில், துறைமுகப் பாலத்துக்குக் கீழே எபிஹாரா குதித்துக்கொண்டு நின்றாள். ஓடிக்கொண்டே கயிற்றை மாற்ற வேண்டும். என் விரலிலிருந்து கழற்றி அவள் விரலில் மாட்டினேன். அவள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, மூணரை நிமிஷம் முந்தி வந்திருக்கீங்க. என்ன சென்சே, ரெண்டு பேரும் சொல்லாமக் கொள்ளாமத் திட்டத்தையே மாத்திட்டீங்களா?" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

ஹிதாகாவின் தலை திரும்பியது. அவர் எப்போதும் குரல் வரும் பக்கம்தான் திரும்புவார். நான் அப்போது மூச்சுக்கூட விடவில்லை. ஆனாலும் சரியாக என் முகத்துக்கு நேராகத் திரும்பினார். இரண்டு மூன்று எட்டுதான். அதற்குள் ஒன்பது வருடத்தையும் ஒரு தடவை கூட்டிப் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

"ஓஷிகாவா சான், இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்ததுக்கு ரொம்ப நன்றி," என்றார்.

பிறகு எபிஹாராவிடம், "ஆமாம்மா, மாத்திட்டோம். ரெண்டு பேரும் சேந்துதான்," என்றார்.

அவர்கள் வளைவில் மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு தொண்டர் பிள்ளை வந்து என் தோளில் துண்டைப் போர்த்தி, அருமையாக ஓடினீர்கள் என்றான்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும், உங்கள் சங்கத்து விசாரணையிலேயே இருக்கிறது. எபிஹாரா உடனே வேகத்தைக் குறைத்தாள். அவள் செய்தது சரிதான். ஆனால் செலவானது செலவானதுதான். முப்பத்து மூன்றில் அவர் கால்கள் பின்னத் தொடங்கின. நிறுத்திவிடலாம் என்று அவள் இரண்டு தடவை கேட்டிருக்கிறாள். கையில் இன்னும் ஒரு நிமிடம் மிச்சம் இருக்கிறதே என்று அவர் மறுத்திருக்கிறார். முப்பத்தாறில், ஆரஞ்சுத் தோட்டத்து மேட்டில், கயிறு கையோடு இருக்கும்போதே அவர் முன்னால் சரிந்தார். இதயம் நின்றுவிட்டது. நடுரோட்டில் மண்டியிட்டு, ஆம்புலன்ஸ் வருகிறவரை அவர் மார்பை அழுத்திக்கொண்டே இருந்தாள் அந்தப் பெண். அவர் இன்றைக்கு உயிரோடு இருப்பது அவளால். இதையும் உங்கள் உதாரணத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் எபிஹாரா ஃபூசாயே முன்னால் மண்டியிட்டு, நெற்றியைத் தரையில் வைத்து, எழுந்திருக்க மாட்டேன் என்று கிடந்தாள். பந்தய எண் இன்னும் சட்டையில் குத்தியிருந்தது. "நான்தான் கவனிக்கல. அவர் மூச்சு எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியல. ஓஷிகாவா சானா இருந்தா கண்டுபிடிச்சிருப்பாரு," என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். ஃபூசாயே சுவரோடு ஒட்டி நின்றார். நான்தான் போய் அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துத் தூக்கினேன்.

"அனுபவம் பத்தல, அவ்வளவுதான். மனசுல வச்சுக்காதீங்க," என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் முதுகில் தட்டிக் கொடுத்தேன். எனக்கு அவள் மேல் நிஜமாகவே இரக்கமாக இருந்தது. அது நடிப்பில்லை, அதை நீங்கள் நம்ப வேண்டும். விசாரணையில் எழுதிக் கேட்டபோதும், முதல் பாதி திட்டப்படி, ஓடியவரின் விருப்பப்படி என்றுதான் எழுதிக் கொடுத்தேன். ஹிதாகாவும் படுக்கையிலிருந்தே அதையே சொன்னார். இருவரும் சொன்னது பொருந்தியதால் நீங்களும் மேற்கொண்டு கேட்கவில்லை. அவள் ஓட்டத்தையே விட்டுவிட்டுப் பெற்றோர் வீட்டுக்குப் போய்விட்டாள். ஆணி, குழாய், பூந்தொட்டி விற்கிற பெரிய கடை ஒன்றில் வேலையாம். இப்போதும் எனக்குப் போன் செய்வாள். "சென்சே எப்படி இருக்காரு? என் மேல கோபமா இருக்காரா?" என்பாள். கோபமெல்லாம் இல்லை என்பேன். அது உண்மைதான்.

இதயத்தில் ஒரு பகுதி செத்துவிட்டது, ஓடுவது இனிமேல் கனவிலும் வேண்டாம், மெதுவாக நடக்கலாம் என்றார் மருத்துவர். என்றைக்கு வேண்டுமானாலும் வந்திருக்கக் கூடியதுதான் என்றும் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை நான் சட்டைப்பையில் தாயத்து மாதிரி வைத்துக்கொண்டு திரிகிறேன். ஆனால் அது அன்றைக்குத்தான் வந்தது.

ஆகவே உங்கள் வகுப்பில் எபிஹாராவின் பெயரைச் சொல்ல வேண்டாம். கயிறு கைமாறும்போது தவறு எதுவும் நடக்கவில்லை. என்னிடமிருந்து அவள் கைக்கு வரும்போதே அவர் முடிந்து போயிருந்தார். முடித்தவன் நான். தெரிந்தே, ஒரே வேகத்தில், ஒவ்வொரு பலகையிலும் பொய் சொல்லி. பெயரோடு சொல்லுங்கள். ஓஷிகாவா மிட்சுகு, பஸ் ஓட்டுநர். கூசிக்கொண்டு பெயரை மறைக்க வேண்டாம். அந்தப் பெண்ணுக்கும் நீங்களே போன் செய்து சொல்லிவிட்டால் நல்லது. நான் சொன்னால் அவள் என்னைச் சமாதானப்படுத்தத் தொடங்கிவிடுவாள்.

ஹிதாகா சானைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நான் பார்த்துக்கொள்கிறேன். வாரத்தில் மூன்று காலை இப்போதும் அவர் வாசலுக்குப் போகிறேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு அலைத்தடுப்புச் சுவர் வரை நடக்கிறோம். என் முட்டிக்கு இந்த வேகம் கச்சிதம். நானும் கற்றுக்கொண்டேன். வலப்பக்கம் கடல் என்கிறேன். இரண்டு படகு நிற்கிறது, ஒன்று நீலம், ஒன்று பெயிண்ட் உரிந்தது என்கிறேன். எதிரே நாய் வந்தால் அதன் மூஞ்சியைப் பற்றி ஏதாவது சொல்லப் பார்க்கிறேன். அவர், "அப்படியா," என்கிறார். நேரம் கேட்பதில்லை. டிரைவர் என்று கூப்பிடுவதில்லை. உடம்பு முடியாதவர், பேச்சுக் குறைவது இயல்புதான்.

போன வாரம் அவரை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பும்போது ஃபூசாயே வாசல் வரை வந்தார். என் செருப்பை எனக்கு வசதியாகத் திருப்பி வைத்தார். குனிந்தபடியே, குரலை உயர்த்தாமல் பேசினார்.

"ஓஷிகாவா சான், தப்பா எடுத்துக்கக் கூடாது. அவருக்கு இந்த நடை பிடிக்கல. நீங்க வர்ற நாளுக்கு முந்தின ராத்திரி தூங்கறதில்ல. நீங்க வந்து வாசல்ல நிக்கிறீங்களேன்னுதான் எழுந்து வர்றாரு. வேண்டாம்னு சொல்லுங்களேன்னு நான் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். அப்படிச் சொன்னா அன்னைக்கு நடந்தது தனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரிஞ்சுடுமாம். அப்புறம் நீங்க எப்படித் தலை நிமிந்து பஸ் ஓட்டுவீங்கன்னு கேக்கறாரு."

சொல்லிவிட்டு, வழக்கம்போல் நன்றாகத் தாழ்ந்து வணங்கினார். நானும் வணங்கினேன்.

நல்ல பெண்மணி. நோயாளியைப் பார்த்துக்கொண்டு, மருத்துவ அறையையும் தனியாகப் பார்த்துக்கொண்டு, மிகவும் களைத்துப் போயிருக்கிறார். களைப்பில் மனிதர்கள் எதையாவது சொல்வார்கள். நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

நாளைக்கு நடை உண்டு, காலையில் நேரத்துக்கு எழுந்திருக்க வேண்டும். ஒரு நாள் போகாமல் இருந்தால் பாவம், மனுஷன் என்ன நினைப்பார். என்னை விட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்.